பின்வளவுப் பட்டறையின் தரைக்கு இன்சுலேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் பின்வளவில் ஷெட் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் அதற்குள் மரவேலை, சைக்கிள் திருத்தம், தையல் என்று ஏதாவது செய்கிறார்கள். நவம்பர் வந்ததும் பூட்டிவிட்டு ஏப்ரலில்தான் திறக்கிறார்கள். சுவருக்கும் கூரைக்கும் பஞ்சு அடைத்தவர்கள்கூட தரையை அப்படியே விட்டுவிட்டு, ஹீற்றர் போட்டும் கால் விறைக்கிறதே என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளும், அதோடு ஒட்டி வரும் மற்றக் கேள்விகளும்தான் கீழே இருக்கின்றன. எல்லாப் பதிலுக்கும் அடியில் ஓடும் என் கட்சி ஒன்றுதான்: முதலில் ஈரத்தை நிறுத்துங்கள், பிறகு காற்றை நிறுத்துங்கள், ஃபோமின் தடிப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

சூடு மேலேதானே போகும், தரைக்கு எதற்கு இன்சுலேஷன்?

மேலே போவது சூடான காற்று. சூடு என்பது எந்தப் பக்கம் குளிரோ அந்தப் பக்கம் போகும், கீழ்ப்பக்கமும் அதில் அடக்கம். ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 3 மீற்றருக்கு 4 மீற்றர் ஷெட், தரை வெறும் முக்கால் அங்குல பிளைவுட், அதன் கீழே காற்று தாராளமாக ஓடுகிறது, உள்ளே 18 பாகை செல்சியஸ், வெளியே -12. அந்தத் தரை வழியாக மட்டும் ஏறக்குறைய 1000 வாற் வெளியேறிக்கொண்டிருக்கும். சுவரில் செருகும் சாதாரண ஹீற்றர் 1500 வாற். அதாவது அதில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணைச் சூடாக்கப் போகிறது. அதே தரையில் 2×6 மரங்களுக்கு இடையே ஆர்-22 பாறைப் பஞ்சை (ரொக்வூல்; ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் அளவு, கீழே சொல்கிறேன்) ஒழுங்காக அடைத்தால் அந்த 1000 ஏறக்குறைய 100 ஆகிவிடும்.

அது மின்கட்டணக் கணக்கு. உடம்புக் கணக்கு வேறு. பட்டறையில் நாம் உட்காருவதில்லை, மணிக்கணக்காக நிற்கிறோம், அதுவும் ஒரே இடத்தில். அறைக் காற்று 20 பாகையில் இருந்தாலும் பாதம் தொடும் பரப்பு 5 பாகையில் இருந்தால் அந்த அறை குளிர்தான்.

எதிலிருந்து தொடங்குவது?

உங்கள் தரை எந்த வகை என்று பாருங்கள். மரத்தரையா, கொங்கிறீட்டா? மரத்தரை என்றால் அதற்கும் மண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, கீழே ஊர்ந்து போக முடியுமா? கொங்கிறீட் என்றால் அதற்கு அடியில் பொலித்தீன் போட்டு ஊற்றினார்களா, அல்லது சும்மா மண்ணின் மேல் ஊற்றினார்களா? பழைய ஷெட் என்றால் இரண்டாவது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக ஒரு நல்ல மழை நாளில் வெளியே போய்ப் பாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, ஷெட்டைச் சுற்றித் தேங்குகிறதா, நிலம் ஷெட்டை நோக்கிச் சரிகிறதா? ஷெட்டுக்குக் கீழே தண்ணீர் நிற்கும் இடத்தில் எவ்வளவு விலைக்கு இன்சுலேஷன் போட்டாலும் அது வீண் செலவு. பீலி போட்டு, நிலத்தைச் சரித்து, தண்ணீரை வேறு பக்கம் அனுப்பிவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

ஆர் மதிப்பு என்கிறார்களே, எவ்வளவு போதும்?

சூடு கடந்து போவதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண் அது. பெரிய எண் என்றால் கூடுதல் தடை. சில பொதிகளில் ஆர்எஸ்ஐ என்றும் போட்டிருக்கும், அது மெற்றிக் அளவு, அதை 5.678 ஆல் பெருக்கினால் ஆர் வரும்.

நிலத்திலிருந்து உயர்ந்து நிற்கும் மரத்தரைக்கு ஆர்-20 அல்லது 22 நல்ல இலக்கு. 2×6 மரத்தின் உண்மையான உயரமான ஐந்தரை அங்குலத்துக்குள் அது அளவாக அடங்கும். கொங்கிறீட் தரைக்கு ஆர்-10 போதும், அதாவது 2 அங்குல பிங்க் ஃபோம். கொங்கிறீட்டுக்குக் கீழே இருக்கும் மண் வெளிக்காற்று அளவுக்குக் குளிர்வதில்லை என்பதால்தான் இந்த வித்தியாசம். உயரம் கிடைக்கவில்லை என்றால் 1 அங்குலம் போடுங்கள், ஆர்-5. ஒன்றுமே இல்லாததிலிருந்து ஆர்-5 க்குப் போவதுதான் பெரிய பாய்ச்சல், ஐந்திலிருந்து பத்துக்குப் போவது அதைவிடச் சிறிய படி. ஆர்-40 தேடி அலைபவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காசை வாசல் கதவில் போடலாம்.

கடையில் பிங்க், நீலம், வெள்ளை, வெள்ளித்தாள் ஒட்டியது என்று பல இருக்கின்றன. எதை வாங்குவது?

பிங்க் நிறமும் நீல நிறமும் ஒரே இனம்தான், எக்ஸ்பிஎஸ் என்பார்கள், கம்பனி மட்டும் வேறு. அங்குலத்துக்கு ஆர்-5 அளவில் தரும், தண்ணீரை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும், பாரம் தாங்கும். வெள்ளை நிறத்தில் குட்டிக் குட்டி மணிகளாக இருப்பது இபிஎஸ், அங்குலத்துக்கு ஆர்-4 வாக்கில், விலை குறைவு. அதைத் தரக்குறைவு என்று தள்ளிவிட வேண்டாம். எக்ஸ்பிஎஸ்ஸின் தடை அதற்குள் இருக்கும் வாயு மெல்ல மெல்லக் கசியக் கசியக் கொஞ்சம் இறங்கும், இபிஎஸ்ஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இபிஎஸ்ஸில் அடர்த்தி பல வகை. குளிர்சாதனப் பெட்டியோடு வரும் பொதிப் பஞ்சு மாதிரி அமுங்குவதைத் தரைக்குப் போட முடியாது, அமுக்கத்தைத் தாங்கும் எண் அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளித்தாள் ஒட்டிய மஞ்சள் ஃபோம் பொலிஐசோ. பொதியில் ஆர்-6 என்று கம்பீரமாக இருக்கும், ஆனால் கடுங்குளிரில் அதன் தடை குறைகிறது, ஈரத்தையும் உறிஞ்சும். சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள், தரைக்கு வேண்டாம்.

மர இடைவெளிக்குள் அடைக்க பாறைப் பஞ்சு எனக்குப் பிடித்தது. ரொட்டிவெட்டும் கத்தியால் வெட்டலாம், தானாகவே இறுகி நிற்கும், நனைந்தாலும் குழைந்து போகாது. கண்ணாடிப் பஞ்சும் வேலை செய்யும், ஆனால் தரைக்குக் கீழே காற்றோட்டத்தில் அது படும் பாடு எனக்குப் பிடிக்கவில்லை. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

புதிதாக மரத்தரை கட்டுகிறேன். எந்த ஒழுங்கில் போவது?

புதிதாகக் கட்டுபவருக்கு ஒரு பெரிய வசதி, எல்லாவற்றையும் மேலிருந்தே செய்யலாம், முதுகில் படுத்துக்கொண்டு முகத்தில் தூசி விழ வேலை செய்யத் தேவையில்லை.

மேல்மண்ணை எடுத்துவிட்டு, மண் கலக்காமல் இருக்கத் துணி விரித்து, அதன் மேல் 4 முதல் 6 அங்குலம் முக்கால் அங்குலச் சல்லி. தூள் கலக்காத சல்லியாக இருக்கட்டும், தண்ணீர் இறங்க வேண்டும். அதன் மேல் தாங்கு கட்டைகள். ரொறன்ரோவில் உறைபனி ஏறக்குறைய 1.2 மீற்றர் ஆழம் வரை இறங்கும் என்று கணக்கு வைத்துத்தான் வீட்டு அத்திவாரம் தோண்டுகிறார்கள். ஷெட்டுக்கு அவ்வளவு தோண்டத் தேவையில்லை, ஆனால் குளிர்காலத்தில் அது கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். சல்லி நன்றாக இருந்தால் அந்த அசைவு குறையும். எதைத் தோண்டுவதற்கு முன்னாலும், நிலத்தடிக் குழாய்கள் ஓடும் இடத்தைக் குறிக்க ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவியுங்கள், அது இலவசம், சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. காஸ் குழாய் எங்கே ஓடுகிறது என்று மண்வெட்டியால் கண்டுபிடிக்க வேண்டாம்.

தரையைத் தாங்கும் குறுக்கு மரங்களை 16 அங்குல இடைவெளியில் போடுங்கள், கடையில் ஜொயிஸ்ட் என்று கேட்டால் தெரியும். மருந்தேற்றிய மரம் என்றால் ஆணியும் திருகாணியும் அதற்கேற்ற கல்வனைஸ் பண்ணியவையாக இருக்க வேண்டும், சாதாரண ஆணியை அந்த மருந்து அரித்துவிடும். வெட்டிய முனைகளில் அதற்கென்று விற்கும் மருந்தைத் தடவிவிடுங்கள், இதை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

சட்டகத்தைத் தலைகீழாகக் கவிழ்க்க ஆள்பலம் இருந்தால், கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தில் முதலில் வீட்டுச் சுவருக்குச் சுற்றும் வெள்ளைத் தாளையும், அதன் மேல் கால் அங்குலக் கம்பி வலையையும் அடித்து, பிறகு நிமிர்த்துங்கள். அந்தத் தாள் காற்றைத் தடுக்கும், ஈர ஆவியைப் போக விடும், தரைக்குக் கீழே இரண்டுமே வேண்டும். தாள் இல்லாமல் பஞ்சை மட்டும் அடைப்பது, காற்றடிக்கும் நாளில் ஜக்கெற் போடாமல் கம்பளிச் சட்டையோடு பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி. பஞ்சுக்குள் காற்று புகுந்து ஓடினால் பொதியில் போட்டிருக்கும் ஆர் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பஞ்சை அமுக்காமல், இடைவெளி விடாமல் முழு உயரத்துக்கும் அடையுங்கள். மேலே நாக்கும் பள்ளமும் வைத்த முக்கால் அங்குல பிளைவுட், மரங்களின் மேல் பசை கோடு இழுத்துத் திருகாணி. பிளைவுட் மூட்டுகளையும், சுவர் வந்து உட்காரும் ஓரத்தையும் ஒட்டும் ரேப்பாலோ இடைவெளி அடைக்கும் சீலன்ற்றாலோ அடைத்துவிட்டால் மேல்பக்கக் காற்றும் நின்றது.

ஷெட் ஏற்கனவே நிற்கிறது. கீழே கைகூட நுழையாது. என்ன செய்யலாம்?

இரண்டு வழி. தலைக்கு மேல் உயரம் இருந்தால் இருக்கிற தரையின் மேலேயே ஃபோம் பலகை விரித்து, மூட்டுகளுக்கு ரேப் ஒட்டி, மேலே பிளைவுட் போட்டு, நீளத் திருகாணியால் கீழே இருக்கும் மரங்களோடு பிணைத்துவிடலாம். 2 அங்குல ஃபோமும் பிளைவுட்டும் சேர்ந்து 3 அங்குலத்துக்குள் முடிந்துவிடும். ஒரு சனி ஞாயிறு வேலை. மரங்களுக்கு மேலாக ஃபோம் தொடர்ச்சியாகக் கிடப்பதால் மரம் வழியாகச் சூடு ஒழுகுவதும் நிற்கும், அதனால் ஆர்-10 தான் என்றாலும் காலுக்கு நல்ல வித்தியாசம் தெரியும்.

உயரம் இல்லை என்றால் பழைய தரைப்பலகையைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றினால் அடியில் உக்கல் இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு மரத்தின் பக்கவாட்டிலும் கீழ்ப்பகுதியில் சின்னச் சட்டம் அடித்து, அதன் மேல் ஃபோம் பலகையை உட்கார வையுங்கள். ஃபோமை இடைவெளியைவிட அரை அங்குலம் குறைவாக வெட்டி, சுற்றிவரக் குப்பியில் வரும் நுரை ஃபோமால் நிரப்புங்கள். மட்டமாக அளந்து அச்சொட்டாக வெட்டி இறுக்குவதைவிட இது சுலபம், காற்றும் புகாது. மரங்கள் ஒருபோதும் நேராக இருப்பதில்லை.

கொங்கிறீட் தரை ஈரமா என்று எப்படித் தெரியும்?

18 அங்குலச் சதுரப் பொலித்தீன் துண்டு ஒன்றை எடுத்து, நான்கு பக்கமும் இறுக்கமாக ரேப் ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டுவிட்டுத் தூக்கிப் பாருங்கள். உள்பக்கம் துளி நின்றாலோ, கொங்கிறீட் அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்துப்போனாலோ, மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. இரண்டு மூன்று இடத்தில், ஒன்று சுவரோரத்திலும் ஒன்று நடுவிலுமாகச் செய்யுங்கள். வறண்ட ஓகஸ்ட்டில் செய்து பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம், பனி உருகும் காலத்திலும் ஒருமுறை பாருங்கள்.

ஈரம் கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை, பொலித்தீன் அதைப் பார்த்துக்கொள்ளும். தண்ணீராகவே ஊறினால் நிறுத்துங்கள். வெளியே வடிகால் வேலைதான் முதலில்.

கொங்கிறீட்டின் மேல் என்ன அடுக்கு?

கீழிருந்து மேல்: 6 மில் (மில்லிமீற்றர் அல்ல, அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு தடிப்பு) பொலித்தீன், 2 அங்குல எக்ஸ்பிஎஸ், அரை அங்குல பிளைவுட் இரண்டு அடுக்கு.

பொலித்தீனை 6 அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ரேப் ஒட்டி, சுவரோரம் மேலே மடித்து விடுங்கள். ஃபோம் பலகைகளின் மூட்டு ஒரே நேர்கோட்டில் வராதபடி மாற்றிப் போட்டு, கனடாக்காரர் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சிவப்புக் கட்டட ரேப்பை ஒட்டுங்கள். பிளைவுட்டின் இரண்டாவது அடுக்கை முதலாவதற்குக் குறுக்காகத் திருப்பிப் போட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று திருகாணியால் இறுக்குங்கள். திருகாணி கொங்கிறீட்டுக்குப் போக வேண்டியதில்லை. பிளைவுட் ஒரே பெரிய பலகையாக, ஃபோமின் மேல் தன் பாரத்திலேயே கிடக்கும், கீழே இருக்கும் பொலித்தீனிலும் ஓட்டை விழாது. சுவரைச் சுற்றி அரை அங்குலம் விடுங்கள், பிளைவுட் ஈரம் கூடிய காலத்தில் விரியும், இடமில்லாவிட்டால் நடுவில் மேடு கட்டும்.

கொங்கிறீட் மேடு பள்ளமாக இருந்தால் இந்த முறை கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். முதலில் நீள மட்டப்பலகை வைத்துப் பார்த்து, மேட்டை அரைத்து, பள்ளத்தை மட்டம் பண்ணும் கலவை ஊற்றி நிரப்புங்கள். இதில் சோம்பல்பட்டால் பிறகு ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஞாபகம் வரும்.

இன்னொன்று, கொங்கிறீட் தரையில் சூடு பெரும்பாலும் ஓரங்களால்தான் ஓடுகிறது, நடுவில் குறைவு. முடிந்தால் வெளிப்பக்க விளிம்பையும் மண் மட்டத்திலிருந்து கீழே ஃபோமால் மூடுங்கள், மண்ணுக்கு மேல் தெரியும் பகுதியை சீமெந்துப் பூச்சு அல்லது தகரத்தால் மறையுங்கள், வெயில் பட்டால் ஃபோம் பொடியாகும்.

மரச்சட்டம் அடித்து அதற்கு நடுவில் ஃபோம் வைப்பது நல்லதில்லையா?

செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் சட்டம் இருக்கும் இடமெல்லாம் சூடு ஒழுகும், கொங்கிறீட்டில் துளை போட்டுப் பிணைக்கும் இடமெல்லாம் பொலித்தீனில் ஓட்டை. தரை மிகவும் கோணல், சட்டத்துக்குக் கீழே ஆப்பு வைத்து மட்டம் பண்ணியே ஆக வேண்டும் என்றால் மட்டும் இந்த வழி.

ஃபோமின் மேல் மேசைவாள் இயந்திரம் வைத்தால் அமுங்கிவிடாதா?

அமுங்காது என்று கணக்கோடு சொல்கிறேன். சாதாரணமாகக் கிடைக்கும் எக்ஸ்பிஎஸ் சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல் தாங்கும். ஒரு சதுர அடிக்கு அது 3600 இறாத்தல். 500 இறாத்தல் வார்ப்பிரும்பு இயந்திரம் ஒன்று, 2 அங்குலச் சதுரக் கால்கள் நான்கில் நேரடியாக ஃபோம் மேல் நின்றால் சதுர அங்குலத்துக்கு 31 இறாத்தல் வரும், அப்போது பதியும். ஆனால் நடுவில் இரண்டு அடுக்கு பிளைவுட் இருக்கிறது, அது பாரத்தைப் பரப்பிவிடும், ஒரு காலின் பாரம் பல மடங்கு பரப்பில் போய் விழும். சில்லு வைத்த கனமான இயந்திரம் என்றால் நிறுத்தும் இடத்தில் இன்னொரு பிளைவுட் துண்டு போட்டுவிடுங்கள். காரையே ஏற்றி நிறுத்துவதென்றால் கதை வேறு, அதற்கு இந்தத் தரை இல்லை.

பொலித்தீனை மேலே போடுவதா கீழே போடுவதா? ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள்.

ஆளுக்கொரு மாதிரி சொல்வதற்குக் காரணம், ஆளுக்கொரு தரை. கொங்கிறீட்டில் ஈரம் கீழிருந்து வருகிறது, அதனால் பொலித்தீன் கொங்கிறீட்டின் மேல், ஃபோமுக்குக் கீழே. உயர்ந்த மரத்தரையில் குளிர்காலத்து ஈர ஆவி உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கிறது, அதனால் தடுப்பு சூடான பக்கத்தில் இருக்க வேண்டும், அதாவது மேலே. மூட்டு அடைத்த பிளைவுட்டே அந்த வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும். மரத்தரையின் அடிப்பக்கத்தில் மட்டும் பொலித்தீன் அடிக்காதீர்கள். உள்ளே போன ஈரம் அதில் பட்டுத் தண்ணீராகி, பஞ்சுக்குள்ளேயே தேங்கி, மரத்தை மெல்ல உக்க வைக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஷெட்டுக்குக் கீழே வெறும் மண்ணாக இருந்தால் அந்த மண்ணின் மேல் பொலித்தீன் விரிப்பது நல்லது, அது வேறு விஷயம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எலி?

வரும். ஃபோமைத் தின்னாது, ஆனால் குடைந்து வீடு கட்டும், பஞ்சும் அதற்குப் பஞ்சு மெத்தைதான். சுண்டெலிக்கு 6 மி.மீ. ஓட்டை போதும், அதனால்தான் கால் அங்குல வலை என்றேன், அரை அங்குல வலை அதற்குக் கதவு. ஸ்கங்க் (நாற்றமடிக்கும் சிறு விலங்கு) வருவது இன்னொரு தலைவலி, அது தோண்டிக்கொண்டு போய்க் கீழே குடியிருக்கும். ஷெட்டைச் சுற்றி வலையை ஓரடி ஆழத்துக்கு இறக்கி, கீழ் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள். ஏற்கனவே ஏதாவது குடியிருக்கிறதா என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு அடையுங்கள், வசந்த காலத்தில் குட்டிகளோடு இருக்கும்.

குமிழி வைத்த வெள்ளித்தாள் மலிவாக இருக்கிறதே, அதை விரித்தால் போதாதா?

போதாது. அது வேலை செய்ய முன்னால் ஒரு காற்று இடைவெளி வேண்டும். பிளைவுட்டுக்கும் கொங்கிறீட்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தால் ஆர்-1 கிடைத்தாலே பெரிது.

றப்பர் விரிப்பு?

முழங்காலுக்கும் முதுகுக்கும் நல்லது, வேலை மேசைக்கு முன்னால் ஒன்று போடுங்கள். இன்சுலேஷன் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். கம்பளம் மட்டும் போட்டுவிடாதீர்கள், மரத்தூளையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஸ்பிரே ஃபோம் அடிக்க ஆளைக் கூப்பிடலாமா?

கீழே ஊர்ந்து போக இடம் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. அங்குலத்துக்கு ஆர்-6 அளவு, காற்றும் ஆவியும் ஒரே அடியில் அடைபடும். ஆனால் சின்ன ஷெட்டுக்கென்று லொறி கொண்டு வருபவர்கள் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று வைத்திருப்பார்கள், அது உங்கள் முழுத்தரைச் செலவையும் தாண்டலாம். அடித்த பிறகு அவர்கள் சொல்லும் நேரம் வரை உள்ளே போகக் கூடாது. அப்புறம், அந்தத் தரையை எதிர்காலத்தில் கழற்றித் திருத்துவது பெரும்பாடு.

தரை உயர்ந்தால் கதவு திறக்காதே?

உள்ளே திறக்கும் கதவென்றால் கீழே வெட்ட வேண்டும், அல்லது வெளியே திறக்கும்படி மாற்ற வேண்டும். வெளியே திறக்கும் கதவுக்கு முன்னால் பனி குவியும் என்பதையும் யோசியுங்கள். வாசலில் தரை விளிம்பு சப்பாத்துக்கால் பட்டு முதலில் உடையும் இடம், அங்கே அலுமினியக் கோணம் ஒன்று அடித்து விடுங்கள்.

குளிருக்குச் சரி, கோடைக்கு இதனால் ஏதாவது பயன் உண்டா?

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் என்னைக் கேட்டால் கொங்கிறீட் தரைக்காரருக்குப் பெரிய லாபமே கோடையில்தான். ஜூலையில் வெளிக்காற்று புழுக்கமாக இருக்கும், கொங்கிறீட் மண்ணோடு ஒட்டிக் குளிர்ந்து கிடக்கும், அந்தக் காற்று உள்ளே வந்து தரையில் பட்டதும் வியர்க்கும். அதே வியர்வை வாள் மேசையிலும் உளியிலும் பட்டுத் துரு ஏறும். ஃபோம் போட்ட தரையின் மேற்பரப்பு அறைச் சூட்டுக்கே வந்துவிடுவதால் அந்த வியர்வை நிற்கிறது. புழுக்கம் கூடிய நாட்களில் கதவைத் திறந்து விடுவதைவிட மூடி வைத்து ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட விடுவது நல்லது.

தரையை முடித்துவிட்டேன். எந்த ஹீற்றர்?

மின்சாரம். புரோப்பேன் ஹீற்றரை மட்டும் மூடிய பட்டறைக்குள் வைக்காதீர்கள். காபன் மொனொக்சைட் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, 1 கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது. இவ்வளவு பாடுபட்டு ஈரத்தை வெளியே வைத்துவிட்டு, பிறகு நீங்களே உள்ளே ஊற்றுகிறீர்கள். மரத்தூளுக்குப் பக்கத்தில் தீச்சுவாலை என்பதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

செருகும் 1500 வாற் ஹீற்றர் 12.5 அம்பியர் இழுக்கும், அதே 15 அம்பியர் இணைப்பில் வாளையும் ஓட்டினால் பிரேக்கர் விழும், ஆகவே தனி இணைப்பு வேண்டும். அடிக்கடி வேலை செய்பவர் என்றால் சின்ன ஹீற்பம்ப் நல்லது, குளிர்நாட்டுக்கென்று வரும் மொடல்கள் -25 பாகை வரை ஓடும், கோடையில் அதுவே குளிரூட்டியும் ஈரமகற்றியும்.

வேலை இல்லாத நாட்களிலும் உறைநிலைக்கு மேலே, 5 பாகை வாக்கில் வைத்திருந்தால் பல பிரச்சினை இல்லை. மரப்பசையும் தண்ணீர்ப் பெயின்றும் உறைந்தால் கெட்டுவிடும், லித்தியம் பற்றரியைப் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது. நல்ல தரை இருந்தால் 5 பாகையில் வைத்திருக்கப் பெரிய செலவில்லை.

அனுமதி எடுக்க வேண்டுமா?

ஒன்ராறியோவில் 15 சதுர மீற்றருக்கு உட்பட்ட, ஒரே தளம் கொண்ட, வீட்டோடு ஒட்டாத, தண்ணீர்க்குழாய் இல்லாத ஷெட்டுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த விலக்கு பொருள் வைக்கும் ஷெட்டுக்கு என்று எழுதியிருக்கிறது. வருடம் முழுக்க வேலை செய்யும் பட்டறை அதில் அடங்குமா என்பதை உங்கள் நகரசபையிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடுங்கள். வேலிக்கு எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதும் நகரசபைக்கு நகரசபை வேறு, அனுமதி தேவைப்படாவிட்டாலும் அது பொருந்தும். மின்சார வேலைக்கு ஷெட் எவ்வளவு சின்னதானாலும் மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். காசு கொடுத்துச் செய்விப்பதென்றால் உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரரிடம்தான் கொடுக்கலாம்.

சுவரும் கூரையும் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. தரையை மட்டும் செய்தால் பயன் உண்டா?

கால் குறைவாகக் குளிரும், ஆனால் ஹீற்றர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். காசு ஒரே தடவையில் இல்லை என்றால் தரையை முதலில் செய்யுங்கள் என்பேன். கூரையில் சூடு கூடப் போகும்தான். ஆனால் கூரையையும் சுவரையும் எப்போது வேண்டுமானாலும், சாமான்கள் உள்ளே இருக்கும்போதே செய்யலாம். தரைக்கு அலுமாரி, இயந்திரம், மேசை எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும், பட்டறை நிறைந்த பிறகு அது நடக்காது.

பிளைவுட்டின் மேல் பெயின்ற் அடிக்கலாமா?

அடிக்கலாம், வெளிர் நிறமாக அடியுங்கள், கீழே விழுந்த சின்னத் திருகாணி கண்ணில் படும். இரண்டு பூச்சு போதும். பளபளப்பான எப்பொக்சி மட்டும் மரத்தூள் விழும் இடத்துக்கு வேண்டாம், வழுக்கும். பெயின்றோ, பசையோ, தின்னரோ, எதைக் கொட்டினாலும் உடனே துடையுங்கள். கரைப்பான் உள்ளவை மூட்டு வழியாகக் கீழே இறங்கினால் ஃபோமைக் கரைத்துப் பள்ளமாக்கிவிடும், ஃபோமை ஒட்டப் பசை வாங்கும்போதும் ஃபோமுக்கு ஏற்றது என்று குழாயில் போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.